செக்கர் எடுக்காத டிக்கெட்

செக்கரை யாரும் முதலில் முகம் பார்த்துச் சந்தித்ததில்லை. முதலில் தோளில் ஒரு விரல் விழும். தட்டுகிற விரல் அல்ல, குத்துகிற விரலும் அல்ல. புண் ஆறிவிட்டதா என்று அழுத்திப் பார்க்கிற டாக்டர் விரல் மாதிரி. அப்புறம் ஒரு குரல்: "டிக்கெட்?" அதற்குப் பிறகுதான் முகம்.

இதை எழுதுகிறவனும் அவரை அப்படித்தான் சந்தித்தான். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த முதல் வாரம் அது. வீட்டிலேயே முதன்முதலாக ஒருவன் வாங்கிய பட்டச் சான்றிதழ் அவன் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கைக்குழந்தையைப் போல அதை அணைத்துக்கொண்டிருந்ததுதான் அவன் செய்த தப்பு. டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த செக்கர், "டிக்கெட் சரியாத்தான் இருக்கு, உன் முழிதான் சரியில்ல. மடியில என்ன?" என்றார்.

"டிகிரிங்க."

"யாரோடது?"

"என்னோடதுங்க! எங்க வீட்லயே நான்தான் முதல்ல..." என்று அவன் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. செக்கர் உறையை வாங்கிப் பெயரை ஒருமுறை படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "நல்லாப் பிடிச்சுக்கோ. இந்த ரூட்ல கை நீளமான ஆளுங்க உண்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அதே விரல் அவன் தோளில் விழுந்தது. பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லி. அப்படி ஆரம்பித்த பழக்கத்தில், செக்கரும் அவர் மனைவியும் மாறி மாறிச் சொன்னதையும், ஒருவர் சொன்னதை மற்றவர் "அப்படி இல்ல" என்று திருத்தியதையும் சேர்த்துக் கோத்ததுதான் இந்தக் கதை.

செக்கருக்குத் தன் கண்ணைவிட நெஞ்சின் மேல் நம்பிக்கை அதிகம். பஸ்ஸின் பின்படியில் கால் வைத்ததுமே, டிக்கெட் எடுக்காத ஆள் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று அது சொல்லிவிடும் என்பார். "டக்குனு ஒண்ணு இங்க விழும்" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார். அதற்கு அவரிடம் ஒரு படிப்பும் இருந்தது. டிக்கெட் இல்லாதவர்களில் மூன்று ரகம். உலகத்தை இன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவன் முதல் ரகம். தூங்குகிறேன் பேர்வழி என்று கண்ணை மூடிக்கொண்டு இமை துடிக்க உட்கார்ந்திருப்பவன் இரண்டாவது. மூன்றாவது ரகம்தான் மோசம்: "சார், சௌக்கியமா? ரொம்ப நாளாச்சு பார்த்து" என்று தானாகவே பேச்சுக் கொடுப்பவன்.

ஒருநாள் சபையில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்து நின்றவர், இது ஆண்டவர் தனக்குக் கொடுத்த வரம் என்றே சொல்லிவிட்டார். மேடையில் இருந்த போதகர் மைக்கை வாங்கி, "வரமா வியாதியான்னு ஜெபம் பண்ணிப் பார்க்கலாம், தம்பி" என்றார். சபை சிரித்தது. செக்கர் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் யார் யார் என்று பார்த்துக்கொண்டார்.

அந்த நெஞ்சை நம்பித்தான் அவர் தன் அண்ணனை இழந்தார்.

அண்ணனும் அதே போக்குவரத்துக் கழகத்தில்தான் வேலை பார்த்தார், டிரைவராக. அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் ஒருநாள் செக்கர் பரிசோதனைக்கு ஏறினார். மூன்றாவது வரிசையில் அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். கையில் டிக்கெட் இல்லை. இருக்கவேண்டும் என்ற கவலையும் இல்லை. ராஜாத்தி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து மருமகனைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை பேர் தோளையும் அழுத்திய விரல் அந்தத் தோளுக்கு மட்டும் எழவில்லை. செக்கர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

சில நாளில் மேலதிகாரி கூப்பிட்டார். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வரவேண்டிய பதவி உயர்வு போனது. மறுபடி பஸ்ஸுக்கு அனுப்புகிறவரை சில மாதம் டிப்போவின் தவறவிட்ட பொருள் அறையில், ஆளில்லாத குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் யாரோ மறந்து வைத்த ஒரு பல்செட்டுக்கும் காவலாக உட்காரவைத்தார்கள். பல்செட் நாளெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக அவர் இன்றும் சொல்வார்.

உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தார். அன்று பஸ்ஸில் தன்னை அறிந்தவர் யார்? கண்ணாடியில் பின்னால் நடப்பதெல்லாம் தெரிகிற இடத்தில் இருந்தவர் யார்? நெஞ்சில் டக்கென்று விழுந்தது. அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். தம்பி வந்து நின்றதும் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அது போதாதா!

"நீதானே அண்ணே?"

"உனக்கு அப்படித் தோணுதா?"

"நெஞ்சு சொல்லுது."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்குற? அதுகிட்டயே கேட்டுக்கோ" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

பேச்சு அத்தோடு அறுந்தது. அடுத்த மாதமே அண்ணன் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். குற்றமுள்ள மனசு, வேறென்ன செய்யும் என்று செக்கர் தன் தீர்ப்புக்கு மேல் இன்னொரு முத்திரை குத்திக்கொண்டார். பல வருடம் கழித்து அண்ணி இறந்தபோது கல்லறைத் தோட்டம்வரை போனார். ஒரு கைப்பிடி மண் போட்டார். அண்ணன் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு தடுமாறி நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார். துக்கம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வருகிற வழியில்தான் அவர் மனைவி வாய் திறந்தார். அவரைத் தெருவில் எல்லோரும் செக்கரம்மா என்றே கூப்பிடுவார்கள். கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகிவிடும்.

"ஒண்ணு சொல்லிக்கிறேங்க. கூடப் பிறந்தவரைக் கேட்ட மாதிரி என்னையும் ஒருநாள் 'நெஞ்சு சொல்லுது'ன்னு நின்னு கேட்டீங்கன்னு வைங்க, நான் ஒத்த வார்த்தை பதில் சொல்ல மாட்டேன். பையை எடுத்துட்டுக் கிளம்பிருவேன். அவராவது சுவத்தைப் பார்த்தாரு. நான் திரும்பியே பார்க்க மாட்டேன்."

செக்கருக்கு அது மறக்கவே இல்லை. சொன்னால் செய்கிறவர் என்பது தெரியும்.

புதன்கிழமைதோறும் அவர்கள் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம் நடக்கும். பக்கத்து வீட்டு நாற்காலிகள், வாசலில் குவிகிற செருப்புகள், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்க ஒரு சின்னப் போட்டி. எல்லோரும் அம்மா என்று கூப்பிடுகிற போதகரின் மனைவி கூட்டத்தை நடத்துவார். அவர் வைத்திருந்த ஒரு விதி: தங்களுக்காக ஜெபிக்கக் கேட்டு விண்ணப்பம் சொல்கிறவர்கள் பெயரைக் கூட்டத்தில் சொல்லக்கூடாது. முன்பு ஒருவர் பெயரோடு ஜெபித்த காரியம் மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கச் சுற்றிவந்து, சம்பந்தப்பட்டவர் காதிலேயே வேறு உருவத்தில் விழுந்த பிறகு வந்த விதி. வேண்டியவர்கள் கூட்டத்துக்கு முன்னால் அம்மாவின் காதில் சொல்லிவிடுவார்கள். அம்மா "ஒரு சகோதரர்", "ஒரு சகோதரி" என்று பொதுவாக ஜெபிப்பார். ஆண்டவருக்கு ஆள் தெரியும்.

ஆண்டவருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்பதில்தான் சிக்கல். அந்தப் புதன்கிழமை அம்மா கண்களை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, ஒரு சகோதரி தன் வீட்டுக்காரருக்குத் தெரியாம ஒரு பெரிய பாரத்தைச் சுமந்துட்டு இருக்காங்க. தினமும் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுறாங்க. அவர் உண்மையைத் தெரிஞ்சுக்கிற நாள்ல அவருக்குப் பொறுமையைக் கொடும்" என்று ஜெபித்தார்.

கூட்டத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு கண்ணைத் திறந்து அவரவர் மனைவியைப் பார்த்தார்கள். பெண்கள் எல்லோரும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள். செக்கரம்மா மட்டும், அந்த நேரம் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

டக்.

எல்லோரும் ஆமென் சொன்னபோது செக்கர் அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு முதல் அவர் வீட்டுக்குள்ளேயே டியூட்டி பார்க்க ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை தோறும் செக்கரம்மா, "சந்திப்புக்குப் போய்ட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது வழக்கம். சபைப் பெண்கள் நோயாளிகளையும் தனியாக இருப்பவர்களையும் போய்ப் பார்த்து ஜெபித்துவிட்டு வருவதற்குச் சந்திப்பு என்று பெயர். யார் வீட்டுக்கு என்று செக்கர் கேட்டதே இல்லை. இப்போது கேட்டால் கேள்வியாக இருக்காது, குற்றச்சாட்டாக இருக்கும். கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. தொண்டையில் முள் சிக்கிய ஆள் போல வீட்டுக்குள் நடந்தார்.

செக்கரம்மா குளிக்கப் போன நேரத்தில் செக்கர் அவருடைய பையைத் திறந்து பார்த்தார். சீப்பு, கைக்குட்டை, மடக்குக் குடை, ஜெபத்துக்கு எடுத்துப்போகிற சின்ன வேதாகமம். அடியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு உருண்டை. அவர் மனைவி பின்னல் வேலை செய்து அவர் பார்த்ததில்லை. ஆனால் அவரைத் தூக்கிவாரிப் போட்டது பையில் இருந்த பொருள் அல்ல, இல்லாத பொருள். டிக்கெட் இல்லை. ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணின் பையிலும் பழைய டிக்கெட் சுருண்டு கிடக்கும். டிக்கெட்டில் ஏறின இடமும் இறங்கும் இடமும் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். அது தெரிந்த ஒருவர்தான் பையை இப்படித் துடைத்து வைக்க முடியும்.

மாலையில் சும்மா கேட்பதுபோல ஆரம்பித்தார். "செவ்வாக்கிழமை பஸ்ல கூட்டமா?"

"கூட்டம்தான்."

"எந்த பஸ்?"

"வந்த பஸ்."

"டிக்கெட்டை என்ன பண்ணுவ?"

"இறங்கினதும் கிழிச்சுப் போட்டுருவேன்."

"ஏன்?"

செக்கரம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "வீட்டுக்குள்ளயும் செக்கிங் உண்டுன்னு எழுதிப் போட்டிருந்தா பத்திரமா வச்சிருப்பேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை போயிருந்தால் அவர் சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சபைக்குப் போனார். போதகர் ஸ்டூலின் மேல் நின்று ஒலிபெருக்கி ஒயரைச் சுவரில் ஆணியடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு ஜெப விண்ணப்பம். பேர் வேண்டாம். ஒரு சகோதரர். அவருக்கு மனைவி மேல ஒரு சந்தேகம்."

"அந்தச் சகோதரர் ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டாருன்னா நல்லாயிருக்கும்" என்றார் போதகர். செக்கர் பிடித்துக்கொண்டார். "சந்தேகத்துக்கு என்ன ஆதாரம்?"

"நெஞ்சு சொல்லுது. இந்த நெஞ்சு பொய் சொன்னதில்லைங்க."

"பொய் சொல்லாது தம்பி. அது பாதி பார்த்துட்டு முழுசாப் பேசும், அவ்வளவுதான். சாட்சிக் கூண்டுல நின்னு பேசட்டும், வேணாங்கல. நீங்க அதைக் கூட்டிட்டுப் போய் நீதிபதி நாற்காலியில உட்கார வச்சுட்டீங்க. அந்த நாற்காலி நம்ம நெஞ்சைவிடப் பெரியவரோடது." போதகர் ஒரு ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "நம்மளப் பத்தி அவருக்கு எல்லாம் தெரியும். நம்ம நெஞ்சுக்கே தெரியாததும் தெரியும். தெரிஞ்சும் நடுவழியில இறக்கி விடலையே?"

செக்கருக்கு இது தொழில்முறையில் உடன்பாடில்லை. "இப்படி எல்லாரையும் ஏத்திக்கிட்டே போனா டிப்பார்ட்மென்ட் நஷ்டத்துலதானேய்யா ஓடும்?"

"நஷ்டத்துலதான் ஓடுது. ஆதியிலிருந்தே அப்படித்தான். ஆனா வண்டி நிக்கலையே!"

போதகர் இறங்கும்வரை செக்கர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாகக் கேட்கிற பேச்சையும் அவர் சந்தேகப்படுவார். செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

அன்று மனைவி கிளம்பியதும், யாரோ பரிசாகக் கொடுத்துப் பெட்டியிலேயே கிடந்த கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். தலையில் ஒரு தொப்பி. கையில் செய்தித்தாள். தெரு முனையில் ஒளிந்து நின்று, பஸ் நகர்கிற நேரத்தில் பின்படியில் தொற்றினார். செக்கரம்மா முன்னால், பெண்கள் பக்கம். அவர் கடைசிக்கு முந்தின இருக்கையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கண்டக்டர் வேலைக்குப் புதிது. முன்னாலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் நெருங்க நெருங்கச் செக்கருக்கு ஒன்று உறைத்தது. அவருடைய பாஸ் சீருடைச் சட்டையில் இருந்தது. சீருடை வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்கலாம் என்றால் வாய் திறக்கவேண்டும். அந்தக் குரலைச் செக்கரம்மா ஆயிரம் பேர் நடுவிலும் கண்டுபிடித்துவிடுவார். வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தன் இமை துடிப்பது அவருக்கே தெரிந்தது. இரண்டாவது ரகம்.

கண்டக்டர் அவர் பக்கத்தில் வந்தார், சட்டையைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். செக்கருக்கு வந்தது பாருங்கள் கோபம்! இது என்ன லட்சணத்தில் வேலை பார்க்கிறான்? தூங்குகிற ஆளை எழுப்பிக் கேட்கவேண்டாமா? இவன் மேல் நாளைக்கே ஒரு ரிப்போர்ட் எழுதவேண்டும் என்று, டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்தபடியே முடிவு செய்தார்.

நாலு நிறுத்தம் தாண்டியிருக்கும். தோளில் ஒரு விரல் விழுந்தது.

தட்டவில்லை, குத்தவில்லை. அழுத்தியது. அவருடைய விரலேதான் என்று நினைத்துவிட்டாராம் ஒரு கணம். "டிக்கெட்?" என்றது ஒரு பெண் குரல்.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. போன மாதம்தான் அவரிடம் பயிற்சி முடித்துப் போன புதிய செக்கர், கஞ்சி மடிப்புக் கலையாத சீருடையில் நின்றிருந்தார்.

"சார்! நீங்களா?"

பஸ் முழுக்கத் திரும்பியது. செக்கர் சட்டைப் பையைத் தடவினார்; அந்தச் சட்டைக்குப் பையே இல்லை. "பாஸ்... வீட்ல..."

"சார், சங்கடமா இருக்கு சார். ஆனா நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. தெரிஞ்ச முகமா இருந்தா ரெண்டு தடவை கேளுன்னு. மாமியாரா இருந்தாலும் கேளுன்னு."

"கேளும்மா. கேக்கணும்" என்றார் செக்கர். குரல் அவருக்கே கேட்கவில்லை. எழுந்து இறங்கிவிடலாம் என்று இருக்கைக் கம்பியைப் பிடித்தார்.

அப்போது முன்னாலிருந்து மெதுவான குரல் ஒன்று, பஸ்ஸின் இரைச்சலைத் தாண்டி வந்தது. "அவருக்கும் சேர்த்து எடுத்தாச்சும்மா. கட்டம் போட்ட சட்டை, தொப்பின்னு கண்டக்டர் தம்பிகிட்ட அடையாளம்கூடச் சொல்லிட்டேன். இந்தாங்க, இதைக் கொஞ்சம் பின்னாடி கொடுங்க."

அந்தத் துண்டுக் காகிதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி மாறிப் பின்னால் வந்தது. காய்கறிப் பைக்காரர் கை, பள்ளிக்கூடப் பிள்ளை கை, கண்டக்டர் கை. புதிய செக்கர் அதை வாங்கிப் பார்த்து, சரியான இடத்தில் கிழித்து, அவர் கையில் வைத்தார்.

எத்தனை ஆயிரம் டிக்கெட்டுகளை அந்தக் கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்திருக்கும்! இதைப் படித்தால் போதும், மனைவி எங்கே போகிறார் என்று தெரிந்துவிடும். ஏறின இடம், இறங்கும் இடம், எல்லாம் அதில் இருக்கிறது. செக்கர் அதைப் பார்க்கவில்லை. நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "எனக்காக எடுத்தது. அதைப் போய் நான் செக் பண்றதா?" என்பார்.

தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் போனார். செக்கரம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.

"எப்பப் பார்த்த?"

"நம்ம தெரு தாண்டுறதுக்குள்ள. தொப்பி போட்டா நடை மாறிருமா?"

"பார்த்துட்டு ஏன் டிக்கெட் எடுத்த? மாட்டிக்கிட்டு அவமானப்படட்டும்னு விட்டிருக்கலாம்ல?"

"அதுக்கா கட்டிக்கிட்டேன்?" என்றார் செக்கரம்மா. கொஞ்ச தூரம் போனதும், குரல் இன்னும் மெதுவாக, "எங்க போறேன்னு கேளுங்களேன். கேக்கத்தானே வந்தீங்க?"

செக்கருக்குத் தெரியும், மனைவி அன்று எச்சரித்தது இந்த இடத்தைத்தான். முந்தானைக்குள் கைப்பிடி இறுகியிருந்த பையும் அவர் கண்ணில் பட்டது. நெஞ்சு கேள் கேள் என்று இடித்தது. இடித்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அவர் வாழ்க்கையில் அதற்கு அப்படி ஒரு அவமரியாதை நடந்ததில்லை.

"கேக்கல" என்றார். "டிக்கெட் நீ எடுத்தது. அது போற எடத்துக்குப் போவோம்."

பையைப் பிடித்திருந்த செக்கரம்மாவின் கை தளர்ந்தது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால், ஒற்றை அறை. கட்டிலிலிருந்து கதவுக்கும், கதவிலிருந்து குளியலறைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. மேசை மேல் கண் மருந்துப் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புக் கம்பளி நூல்: காலை மருந்துக்கு ஒரு முடிச்சு, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னைக்கு ரெண்டு பேர் வர்ற சத்தம் கேக்குதே. போதகரா? இல்லையே... போதகர் வாசல்லயே பாட ஆரம்பிச்சிருவாரு." கொஞ்சம் நிறுத்தினார். "டிக்கெட் இருக்குப்பா. ஆனா எங்க வச்சேன்னு தெரியல."

அண்ணன்.

செக்கர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணன் முகம் அவர் பக்கம் திரும்பவில்லை. அன்று குழாயடியில் திருப்பிக்கொண்ட அதே திசையில், சுவரைப் பார்த்து இருந்தது.

"எப்ப இருந்துண்ணே இப்படி?"

"நீ வந்து கேட்டியே, அன்னைக்குக் காலையிலதான் முதல்ல தெரிஞ்சுது. டிப்போ கேட்டுல இடிச்சேன். கேட்டு பாதிதான் தெரிஞ்சுது. சாயங்காலம் நீ வந்து நின்ன, உன் மூஞ்சியிலயும் பாதி இருட்டு. நீ ஒரு ஆளைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிருவ. அதான் சுவத்தைப் பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ரிப்போர்ட் எழுதுவ. பார்வை போன டிரைவர்னு. எழுதுவியா, மாட்டியா?"

செக்கர் யோசித்தார். ஜெபக்கூட்டம் நடத்துகிற வீட்டுக்காரர். பொய் சொல்ல முடியவில்லை. "எழுதியிருப்பேன்."

"எழுதணும். அதான் சரி. அதுக்குள்ள நானே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். பின்னாடி மூணாவது வரிசையில உன் மாமியார் உட்கார்ந்திருந்தாங்களா, உலக அழகி உட்கார்ந்திருந்தாளா, எனக்கு என்ன தெரியும்? கண்ணாடியில ஒரு பக்கம் அப்பவே மங்கல், கண்ணாடிதான் அழுக்குன்னு நினைச்சேன்." அண்ணன் சிரித்தார். "நீ என்னை நம்பல. நானும் உன்னை நம்பல. கணக்கு நேராப் போச்சுடா தம்பி."

சொல்லக் கூச்சப்பட்டாலும் செக்கர் இதையும் மறைக்காமல் சொன்னார்: அந்த நேரத்திலும் நெஞ்சில் டக்கென்று ஒன்று விழுந்ததாம். இதுவும் கதையாக இருந்தால்? காலையில் இடித்ததை யார் பார்த்தது? பார்வை போனவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே? சாட்சி இல்லை, சரிபார்க்க வழியும் இல்லை. மடித்து வைத்த டிக்கெட் இன்னும் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. கூண்டில் நின்றே பேசிக்கொள் என்று நெஞ்சிடம் சொல்லிவிட்டு, மேசையைப் பார்த்தார்.

"மத்தியான மருந்து போட்டாச்சா?"

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார் செக்கரம்மா. "ரெண்டு முடிச்சு. ஒரு சொட்டு."

செக்கர் புட்டியை எடுத்தார். எத்தனையோ பேர் தோளில் விழுந்த அந்த விரலால் அண்ணனின் இமையை விலக்கிப் பிடித்தார். சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"குறி பார்த்துப் போடுடா. நான் ஓட்டினப்போகூட இவ்வளவு மோசமா இடிச்சதில்ல" என்றார் அண்ணன்.

திரும்பி வரும்போது செக்கர் கேட்டார். "அப்ப யாருதான் போட்டுக் கொடுத்தது?"

"எங்கம்மா, 'என் மருமகன் வர்ற பஸ்ல எனக்கு டிக்கெட்டே வேணாம்'னு கடை கடையாப் பெருமையடிச்சிட்டு இருந்தாங்க. கேட்டவங்க எத்தனை பேரோ. அதை மட்டும் உங்க நெஞ்சு ஒருநாளும் சொன்னதில்ல பாருங்க" என்றார் செக்கரம்மா. அப்புறம் அவராகவே சொன்னார். அண்ணி இறந்த அந்த வாரத்திலிருந்து போய் வருகிறாராம். தம்பிக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அண்ணன். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டது இவர். "தெரிஞ்சா வந்துருவீங்கன்னு நினைக்கல. தெரிஞ்சா தடுத்துருவீங்கன்னுதான் நினைச்சேன். நானும் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"அப்ப புதன்கிழமை அந்த விண்ணப்பம்? பெரிய பாரம்னு?"

"அது நானில்லையே!" என்று செக்கரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருன்னு எனக்கும் தெரியாது. ஜெபத்தைக் கேட்டதும் எனக்கும் ஒரு பாரம் இருக்கேன்னு கண்ணு கலங்கிருச்சு."

யார் என்று அடுத்த புதன்கிழமை தெரிந்தது. தையல்கார அம்மா தானாகவே எழுந்து அழுதுகொண்டே சொன்னார். வீட்டுக்காரர் உயிரையே வைத்து வளர்த்த பேசுகிற கிளி இவர் கவனக்குறைவால் பறந்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்றை வாங்கிக் கூண்டில் விட்டிருக்கிறார். அது பேசவில்லை. கிளிக்குத் தன்மேல் என்ன கோபம் என்று தெரியாமல் அந்த மனிதர் ஒரு மாதமாகக் கூண்டின் முன் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரே ஒரு கிளிக்காக அந்தத் தெருவின் ஆண்கள் அத்தனை பேரும் ஒரு வாரம் மனைவியைச் சந்தேகப்பட்டிருந்தார்கள்.

செக்கர் இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார். அண்ணன் அவர்கள் வீட்டிலேயே, ஜெபக்கூட்டம் நடக்கிற முன்னறையை ஒட்டிய அறையில் இருக்கிறார். கயிறும் சிவப்பு நூல் முடிச்சுகளும் இங்கே இடம் மாறிவிட்டன. மூன்று வேளையும் மருந்து போடுவது செக்கர்தான். தலை திரும்பியதும் அண்ணன் அதைத் துடைத்துவிடுகிறாரோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. செக்கரம்மா செவ்வாய்க்கிழமைகளில் வேறு வேறு வீடுகளுக்குச் சந்திப்புக்குப் போகிறார். டிக்கெட்டைக் கிழிப்பதில்லை, பையிலேயே போட்டு வைக்கிறார். அதை எடுத்துப் பார்ப்பதில்லை என்கிறார் செக்கர். செக்கரம்மா அதை இன்னும் முழுசாக நம்பவில்லை.